மரணக் கிணற்றுக்கு ஒரு பல்சக்கரம்

யாழ்ப்பாணம்,
24-1-1954

அன்புத் தம்பி மரியதாஸுக்கு,

வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி அருள்மேரியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்தோம். நீயும் யாகப்பம்மாளும் சுகம்தானே? எங்கள் சூசைமேரி உன் வீட்டுக்குப் பழகிவிட்டாளா? தனுஷ்கோடியில் கப்பல் நகர்ந்தபோது அருள்மேரி கரைப் பக்கம் திரும்பவே இல்லை. "பிள்ளை முகத்தைப் பார்த்தேன்னா இங்கனயே குதிச்சிருவேன்" என்றாள்.

கார்னிவலுக்கு நல்ல கூட்டம். மரணக் கிணறு என்றதும் இந்த ஊர்க்காரர்கள் முதலில் தண்ணீரைத் தேடினார்கள். பலகையால் கட்டிய கிணறு, அதன் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓடும் என்று சொன்னால் நம்பவில்லை. இப்போது ராட்டினத்தை விட்டுவிட்டு நம் கிணற்றைச் சுற்றித்தான் மொய்க்கிறார்கள். வண்டியோடு படுத்த மேனிக்குச் சுவரில் சுற்றி ஏறி, விளிம்புக்குக் கீழே போட்டிருக்கிற சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு இறங்குவேன். மேலே நிற்கிற சனம் அதுவரை மூச்சே விடாது.

ஒரு காரியம். முந்தாநாள் பாதிச் சுற்றில் வண்டி ஒரு முழம் கீழே சரிந்தது. ஆக்ஸிலேட்டர் கேபிள் பிடிக்கிறது போல. மண்டபம் பட்டாள முகாமில் நாம் ஏலத்தில் எடுத்த ஜோடியில் மற்ற வண்டி உன் பஸ் ஷெட்டில்தானே சாக்கு மூடிக் கிடக்கிறது? அதில் இருக்கிற கேபிளைக் கழற்றி அனுப்பு. இந்த மாடலுக்கு இங்கே எதுவும் கிடைக்காது. எங்கள் தச்சன் அடுத்த வாரம் ராமநாதபுரம் வருகிறான்.

சூசைமேரிக்கு என் முத்தம்.

உன் அண்ணன்,
சந்தியாகு


ராமநாதபுரம்,
6-2-1954

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் இங்கே எல்லோருக்கும் சோறு இறங்கியது. நாங்கள் நலம். அண்ணிக்குக் கடல் காற்று ஒத்துக்கொள்கிறதா?

கேபிளைத் தச்சனிடம் கொடுத்துவிட்டேன். போடுவதற்கு முன்னால் உறைக்குள் எண்ணெய் விட்டு நாலு தரம் இழுத்துப் பாருங்கள். வளைவில் மடங்காமல் இருக்கட்டும். உங்களுக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சூசைமேரியைக் கன்னியாஸ்திரீகள் பள்ளியில் சேர்த்திருக்கிறேன். நேற்று ஷெட்டுக்கு வந்தவள், சாக்கை விலக்கி அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏன் சித்தப்பா, சுத்திச் சுத்தி ஓட்டுனா எங்கய்யாவுக்குத் தலை கிறுகிறுக்காதா?" என்றாள். "உங்கய்யாவுக்குக் கிறுகிறுக்காதுடி, பாக்குறவுகளுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினேன்.

வண்டி திரும்பச் சரிந்ததா என்று எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
மரியதாஸ்


கொழும்பு,
20-3-1954

தம்பி மரியதாஸுக்கு,

உன் கடிதமும் கேபிளும் கிடைத்தன. நாங்கள் இருவரும் சுகம். பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஊர் மாறி, பலகை பிரித்து, மறுபடி கட்டி என்று ஒரே அலைச்சல்.

கேபிள் நன்றாக இருக்கிறது. ஆனாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. பின் சக்கரத்து பேரிங் ஆடுவதாக எனக்குப் படுகிறது. பழைய கேபிளையும் பேரிங்கையும் தச்சனிடமே கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அளவு பார்த்து, அந்த வண்டியில் இருக்கிற பேரிங்கை எடுத்துக் கொடு. அதுவரை ஓட்ட இங்கே வேறு வண்டியின் பேரிங் ஒன்றைக் கடன் வாங்கி ஒப்பேற்றியிருக்கிறேன்.

இன்னொரு சேதி. அருள்மேரியும் இப்போது ஆட்டத்தில் ஏறுகிறாள். பெட்ரோல் டாங்கின் மேல் எனக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கையைப் பறவைபோல விரித்துக்கொண்டு வருவாள். சனங்கள் வெறிபிடித்துக் கத்துகிறார்கள். நான் வேண்டாம் என்றேன். அவளேதான் ஏறினாள். முதலாளிக்குச் சந்தோஷம், சுவரொட்டியில் அவள் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார்.

யாகப்பம்மாளுக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பு.

அண்ணன்,
சந்தியாகு


ராமநாதபுரம்,
9-4-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தை அறிந்து ஆறுதல். இங்கே யாகப்பம்மாளுக்குக் காய்ச்சல் வந்து போய்விட்டது. சூசைமேரி ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டாள் என்று அவள்தான் சொல்கிறாள்.

அண்ணன், நீங்கள் அனுப்பிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். சத்தமில்லை, ஆட்டமில்லை. உள்ளே குண்டுகள் கண்ணாடிபோல் இருக்கின்றன. கேபிளிலும் ஓர் இழைகூட அறவில்லை. தச்சன் மாற்றிக் கொண்டுவந்துவிட்டானோ என்று கேட்டேன். "உங்க அண்ணன் வண்டியிலிருந்து கழட்டித் தந்ததுதான்" என்று அடித்துச் சொன்னான். கேட்டபடி மற்ற பேரிங்கை அவனிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் கோளாறு இதில் இல்லை. சக்கரம் நேர்க்கோட்டில் நிற்கிறதா, சட்டத்தில் எங்காவது மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அண்ணி ஏறுவது எங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. "பெத்தவுக ரெண்டு பேரும் ஒரே வண்டியில அந்தச் செவுத்துல ஏறலாமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா? எழுதிக் கேளுங்க" என்று யாகப்பம்மாள் என்னைப் பிடுங்குகிறாள். கேட்டுவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி,
மரியதாஸ்


பினாங்கு,
2-6-1954

மரியதாஸுக்கு,

கொழும்பிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தோம். சுகம். அங்கேயும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பேரிங்கில் கோளாறு இல்லை என்று ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு விரலில் சுற்றிச் சொல்கிறாய். நீ பஸ்ஸுக்கு கிரீஸ் அடிக்கிறவன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்தச் சுவரில் ஏறிப் பார். அப்புறம் எனக்குப் பாடம் எடு. அருள்மேரி ஏறுவது எங்கள் இருவரின் காரியம். யாகப்பம்மாளிடம் சொல்.

இப்போது பின் சக்கரத்துப் பல்சக்கரம் போய்விட்டது. பல் எல்லாம் தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுறாப் பல் மாதிரி கூராகிவிட்டது. இங்கே புதுச் செயின் வாங்கிப் போட்டேன். அதுவும் பல்லில் உட்காராமல் துள்ளுகிறது. கடைக்காரனிடம் கேட்டால், சீமையிலேயே இந்த மாடலை நிறுத்திவிட்டார்கள் என்கிறான். உன்னிடம் இருக்கிற வண்டியின் பல்சக்கரத்தை உடனே அனுப்பு.

போன வாரம் நாலு நாள் ஆட்டம் இல்லை. மழை.

சந்தியாகு


ராமநாதபுரம்,
18-6-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் திட்டியதற்கு எனக்கு வருத்தமில்லை. நீங்கள் திட்டி நான் வளர்ந்தவன்தான்.

பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். பல் ஒன்றுகூடத் தேயவில்லை, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பினாங்கில் மளிகைக் கடை வைத்திருக்கிற தொண்டி ஹமீது சுல்தான் நானா ஊருக்கு வந்திருக்கிறார். ஆகஸ்டு முதல் வாரம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுகிறார், கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை ஓட்டாதீர்கள். முதலாளியிடம் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். முதலில் கேபிள் என்றீர்கள், பிறகு பேரிங், இப்போது பல்சக்கரம். உங்கள் உடம்பு நன்றாக இருக்கிறதா? அண்ணியை என் பெயருக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். அவர்கள் கையெழுத்தைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. சூசைமேரியும் கேட்கிறாள்.

தம்பி,
மரியதாஸ்


பினாங்கு,
10-7-1954

கொழுந்தனார் மரியதாஸ் அவர்களுக்கு அருள்மேரி எழுதுவது.

நீங்களும் யாகப்பம்மாளும் என் பிள்ளையும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நான் சுகம் என்று எழுதிவிட்டு மேலே என்ன எழுத என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

வண்டியில் கோளாறு இல்லை தம்பி. உங்கள் அண்ணனுக்கு இடது கண் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலேயே புகை மூடின மாதிரி இருக்கிறது என்றார். கொழும்பில் ஒரு நாள் பெட்ரோலை டாங்கு வாய்க்கு வெளியே ஊற்றிக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர் சுற்றுகிற சுற்றுக்குச் சுவரில் ஏறிவிட்டால் அந்தச் சிவப்புக் கோடு இடது கைப் பக்கம்தான் இருக்கும். அது அவருக்குத் தெரிவதில்லை. நான் கூட்டத்துக்காக ஏறவில்லை. கோடு கிட்டே வரும்போது அவர் மணிக்கட்டை அழுத்துவதற்காக ஏறினேன். ஒரு கையை விரிப்பேன், மற்ற கை அவர் கையில்தான் இருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வாங்க என்று காலைப் பிடித்தேன். "டாக்டர் குருடுன்னு ஒரு வார்த்தை சொன்னா முதலாளி மறுநாளே கப்பல் ஏத்திருவான். அங்கன வந்து நான் என்ன செய்ய? வலை இழுக்கவும் தெரியாது, எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்" என்கிறார். மழை என்று உங்களுக்கு எழுதினாராம். மழை இல்லை. தரை கிட்டே வந்து விழுந்தோம். தோள் வீங்கி நாலு நாள் படுத்திருந்தார்.

இனிமேல் நான் ரொம்ப நாள் ஏற முடியாது. ஏன் என்று யாகப்பம்மாளிடம் கேளுங்கள், அவளுக்குப் புரியும்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பல்சக்கரத்தை அனுப்பாதீர்கள். எதையும் அனுப்பாதீர்கள். வண்டி நின்றால்தான் அவர் நிற்பார். நான் எழுதினேன் என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

அருள்மேரி


ராமநாதபுரம்,
30-7-1954

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். வேர்க்காட்டுத் திருவிழாவுக்குச் சூசைமேரியைக் கூட்டிப் போய் வந்தோம். உங்கள் பெயருக்கும் அண்ணி பெயருக்கும் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை விற்றுவிட்டேன். ஷெட்டில் இடத்தை அடைக்கிறது என்று எங்கள் பஸ் முதலாளி சத்தம் போட்டார். நயினார்கோவில் பக்கம் பாக்கர் என்று ஒருவர் வந்து இஞ்சினைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க எடுத்துக்கொண்டார். சட்டம், சக்கரம், பல்சக்கரம் எல்லாம் பழைய இரும்போடு போயிற்று. இனி இங்கிருந்து எந்தப் பாகமும் வராது. ஹமீது சுல்தான் நானா வெறுங்கையோடுதான் வருவார்.

கேட்காமல் செய்துவிட்டேன். என்மேல் கோபப்படுங்கள். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்கு வாருங்கள். ஷெட்டில் டயர் பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி,
மரியதாஸ்


பினாங்கு,
3-9-1954

தம்பி மரியதாஸுக்கு, தொண்டி ஹமீது சுல்தான் எழுதிக்கொள்வது.

நான் அல்லாஹ் கிருபையால் நலமாக வந்து சேர்ந்தேன். தந்தி உனக்குக் கிடைத்திருக்கும். அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். பதறாமல் படி. உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான்.

போன மாதம் 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஆட்டம். நானும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அருள்மேரி ஏறவில்லை, அவன் மட்டும்தான் ஏறினான். கோட்டுக்குக் கொஞ்சம் கீழே சுற்றும்போது செயின் பல்சக்கரத்தை விட்டுத் துள்ளிச் சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. அத்தனை உயரத்திலிருந்து வண்டி முதலில் விழுந்தது, அவன் அதன்மேல் விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கிவிட்டது. காலை எடுக்கவேண்டியதில்லை என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் பழையபடி ஊன்ற முடியாது. கண்ணையும் பார்த்தார்கள். இடது கண்ணுக்கு நரம்பு போய்விட்டதாம், இனித் திரும்பாது.

அருள்மேரியை என் கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டுப் பெண்களோடு தங்கவைத்திருக்கிறேன். ஏழு மாதத்துக்கு வேண்டிய கவனிப்பை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். "நானா, நான் இறங்குனா நிறுத்திருவாருன்னு நினைச்சேன்" என்று ஒரு தரம் சொன்னாள், அவ்வளவுதான்.

நீ ஜெபம் செய், நானும் துஆ செய்கிறேன்.

ஹமீது சுல்தான்


ராமநாதபுரம்,
20-9-1954

அண்ணன்,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஷெட்டில் இடம் இல்லை என்று எழுதியது பொய். யாரும் விற்கச் சொல்லவில்லை, நானாகத்தான் விற்றேன். அந்தப் பல்சக்கரத்தைத் துணியில் சுற்றித் தொண்டிக்குப் பஸ் ஏறக் கிளம்பினேன். பஸ் வந்தது, நான் ஏறவில்லை. வண்டி நின்றுபோனால் நீங்கள் ஊருக்கு வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். ஏன் அப்படி நினைத்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேபிள் நன்றாக இருந்தது, பேரிங் நன்றாக இருந்தது. அதனால் பல்சக்கரமும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். சுறாப் பல் மாதிரி என்று எழுதியிருந்தீர்களே! தேயாத சக்கரத்தைப் பார்த்து யாருக்கும் அந்த வார்த்தை வராது. பத்து வருஷமாகச் செயினும் சக்கரமுமாகக் கிடக்கிறவன் நான். படித்த அன்றே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். செயினைக் கழற்றி ஒளித்துவையுங்கள் என்று அண்ணிக்கு எழுதியிருக்கலாம். உங்கள் முதலாளிக்குத் தந்தி கொடுத்திருக்கலாம். கப்பல் ஏறி நானே வந்திருக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சுலபமாக இருந்ததைச் செய்தேன்.

இப்போது ஷெட்டில் எந்த பஸ்ஸின் போல்டை முறுக்கினாலும் திரும்பத் திரும்ப முறுக்கிப் பார்க்கிறேன். மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

சூசைமேரியிடம் கால் வலி என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். என்னைத் திட்டி ஒரு வரி எழுதுங்கள் அண்ணன். ஹமீது சுல்தான் நானாவிடம் சொல்லி எழுதச் சொன்னாலும் போதும்.

மரியதாஸ்


பினாங்கு,
16-1-1955

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இதைப் பொய்யில்லாமல் எழுத முடிகிற நாள் வரட்டும் என்றுதான் இத்தனை மாதம் எழுதவில்லை. கம்பு ஊன்றி நடக்கிறேன். நவம்பர் கடைசியில் அருள்மேரிக்கு ஆண்பிள்ளை பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். ஹமீது சுல்தான் வீட்டுப் பெண்கள் கூடப்பிறந்தவர்கள்போல் பார்த்துக்கொண்டார்கள். சூசைமேரியிடம் தம்பி வருகிறான் என்று சொல்.

உன் கடிதம் தலையணைக்கடியில் இருக்கிறது. உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. நீ எழுதாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். அருள்மேரி உனக்கு எழுதியது எனக்குத் தெரியும். தபாலில் போடச் சொல்லி அவள் ராட்டினக்காரனிடம் கொடுத்தாள். அவன் என்னிடம் நீட்டி, "நீங்க தபாலாபீஸ் பக்கம்தானே போறீக, இதையும் போட்டுருங்க" என்றான். உறை சரியாக ஒட்டியிருக்கவில்லை. பிரித்துப் படித்தேன். தபாலாபீஸ் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். கிழித்துப் போட்டிருக்கலாம். கிழிக்கவில்லை, பசை தடவி நன்றாக ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

யாராவது என்னை நிறுத்தமாட்டார்களா என்று இருந்தது தம்பி. நானாக நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. வண்டியை விற்றுவிட்டேன் என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது எனக்குக் கோபமே வரவில்லை, பாரம் இறங்கினது போல இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் போய்ச் சொல்லத்தான் கிளம்பினேன். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். மேலே சுற்றிலும் தலைகள். இந்த ஓர் ஆட்டம் மட்டும் என்றேன். அருள்மேரி ஏற மாட்டேன் என்று கீழே இறங்கி நின்றாள். பல் எப்படி இருக்கிறது என்று தெரிந்துதான் உதைத்துக் கிளப்பினேன்.

நீ பல்சக்கரத்தை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பாய். நான் சொல்கிறேன். அன்று எனக்குக் கோடு தெரியவில்லை. கோட்டுக்குக் கீழேதான் இருந்தேன் என்று ஹமீது சுல்தான் சொன்னபிறகுதான் எனக்கே தெரியும். இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தேன். செயின் துள்ளாமல் இருந்திருந்தால் விளிம்பைத் தாண்டி அத்தனை சனத்தின்மேலும் போய் விழுந்திருப்பேன். அதில் பிள்ளைகளும் நின்றார்கள். இதை அருள்மேரியிடம்கூட நான் சொன்னதில்லை.

பிப்ரவரி 20ஆம் தேதி வாக்கில் கப்பல் நாகப்பட்டினம் சேரும். டயர் வேலை இன்னும் காலியாக இருந்தால் உட்கார்ந்து செய்ய முடியுமா என்று கேட்டு வை. துறைமுகத்துக்கு நீ வா, சூசைமேரியையும் கூட்டி வா. அங்கே பெருங்கூட்டமாக இருக்கும். பிள்ளையோடு எனக்கு வலது கைப் பக்கமாக வந்து நில். இடது பக்கம் நின்றால் நான் உங்களைப் பார்க்காமலே கடந்து போய்விடுவேன்.

உன் அண்ணன்,
சந்தியாகு